ஓடுபாதை பின்னாலேயே இருக்க, வயலில் ஏன் இறக்கினார்?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் டிராக்டர், அறுவடை மெஷின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். என் தங்கை மகன் வெளிமாநிலத்தில் பைலட் பயிற்சியில் இருக்கிறான். இதுவரை 61 மணி நேரம் பறந்திருக்கிறான். போன மாதம் செஸ்னா 172 விமானத்தில் வாத்தியாரோடு கிளம்பியிருக்கிறான். முந்நூறு அடி ஏறியதும் இன்ஜின் இழுவை விட்டுவிட்டது. வாத்தியார் கன்ட்ரோலை வாங்கி நேர் எதிரே இருந்த வயலில் இறக்கிவிட்டார். மூக்குச் சக்கரம் முறிந்து புரொப்பல்லர் வளைந்துபோனது. இருவருக்கும் காயமில்லை. ஓடுபாதை பின்னாலேயே இருக்கும்போது திருப்பிக் கொண்டுவராமல் வயலில் விட்டது வாத்தியார் தப்புதானே? பள்ளியை மாற்றுவதா, படிப்பையே நிறுத்துவதா? பையன் அடுத்த வாரமே பறக்கிறேன் என்கிறான். அவன் அம்மா கூடாது என்கிறாள். பணம் போட்டவன் நான். இன்னொன்று, பயிர் போன அந்த வயல்காரருக்கு நஷ்டம் யார் கொடுப்பார்கள்?

பதில்: வயல்காரரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களே, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அதற்குப் பதில் இருக்கிறது, முடிவில் சொல்கிறேன். முதலில் வாத்தியார் விஷயம். உங்கள் ஊர் டீக்கடையில் இந்நேரம் அவருக்குத் தீர்ப்பே எழுதியிருப்பார்கள்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது சரி. அந்த உயரத்தில் வேறு வழியும் கிடையாது.

பட்டறைக்காரரான உங்களுக்கு டிராக்டரை வைத்தே சொல்கிறேன். ஒரு சால் நேராக ஓட்டிக்கொண்டு போய் வரப்போரம் திருப்புகிறீர்கள். அரைவட்டம் அடித்தால் போன சாலிலேயே வந்து நிற்பீர்களா? நாலைந்து சால் தள்ளித்தான் நிற்பீர்கள். அதே சாலுக்கு வரவேண்டுமானால் இன்னும் வளைத்துப் போய், பிறகு எதிர்ப்பக்கம் ஒடித்து நேராக்க வேண்டும். விமானத்துக்கும் அதே கணக்குதான். செஸ்னா 172 இன்ஜின் இல்லாமல் மிதந்து இறங்கும் வேகம் கிட்டத்தட்ட 70 நாட், அதாவது மணிக்கு 130 கிலோமீட்டர். அந்த வேகத்தில் இறக்கையை 30 டிகிரி சாய்த்துத் திருப்பினால் வட்டத்தின் ஆரம் 230 மீட்டர் வரும். அரைவட்டம் முடியும்போது ஓடுபாதையின் நேர்க்கோட்டிலிருந்து 460 மீட்டர் தள்ளி இருப்பார்கள். கோட்டுக்கு வந்து சேர மொத்தம் 260, 270 டிகிரி திருப்பியாக வேண்டும். விநாடிக்கு 9 டிகிரி வீதம் அதற்கு 30 விநாடி ஆகும். அந்தச் சாய்வில் விமானம் விநாடிக்குச் சுமார் 15 அடி இறங்கும். ஆக, திருப்பத்துக்கு மட்டும் 450 அடி வேண்டும்.

இன்ஜின் போனது மண்டைக்கு எட்டவே மூன்று நாலு விநாடி பிடிக்கும், அதில் ஐம்பது அடி போய்விடும். வேண்டியது 500 அடி, கையில் இருந்தது 300.

சாய்வைக் கூட்டி வெடுக்கென்று திருப்பினால் என்ன என்று கேட்பீர்கள். ஆட்கள் செத்துப்போவது அங்கேதான். இறக்கை காற்றைப் பிடித்துக்கொண்டிருக்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும், அதற்குக் கீழே போனால் தூக்கல் விட்டுவிடும். அதைத்தான் ஸ்டால் என்கிறோம். இந்த ஸ்டாலுக்கும் இன்ஜின் நின்றுபோவதற்கும் சம்பந்தமில்லை, பத்திரிகைகள் அடிக்கடி போட்டுக் குழப்பும் இடம் இது. 172எஸ் வகையில் ஃபிளாப், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிடும் பலகை, இறக்காமல் நேராகப் பறக்கும்போது ஸ்டால் வேகம் 48 நாட். 45 டிகிரி சாய்த்து உயரம் விடாமல் பிடித்தால் அது 57 ஆகிறது. 60 டிகிரியில் 68. மிதப்பதே 70 நாட்டில் என்று சொன்னேன், கையிருப்பு எவ்வளவு என்று பாருங்கள். காற்றை எதிர்த்துக் கிளம்பிய விமானம் திரும்பியதும் காற்று பின்னாலிருந்து தள்ளும். தரை விறுவிறுவென்று ஓடுவதைப் பார்த்து, வேகம் நிறைய இருக்கிறது என்று ஓட்டுபவர் ஏமாறுவார். ஓடுபாதையோ எட்டாது போலத் தெரியும், கை தன்னால் மூக்கைத் தூக்கும். உள்பக்க இறக்கை தூக்கல் விட்டு, விமானம் பம்பரம்போல் சுழன்று விழும். முந்நூறு அடியில் அதிலிருந்து மீள இடம் கிடையாது.

நேரே வயலில் இறங்குவதும் விபத்துதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கட்டுப்பாட்டில் இருக்கும் விபத்து. மோதும் வேகம் பாதியானால் மோதலின் சக்தி கால்வாசியாகும். 70 நாட்டில் மோதுவதற்கும், ஃபிளாப் முழுதும் இறக்கி 50 நாட்டில் தொடுவதற்கும் சக்தியில் பாதிக்குப் பாதி வித்தியாசம் உண்டு. எதிர்க்காற்று பத்து நாட் அடித்தால் தரைக்கு அது 40 தான். உங்கள் மருமகன் காயமில்லாமல் நடந்து வெளியே வந்தது அந்தக் கணக்கால். முறிந்த மூக்குச் சக்கரமும் வளைந்த புரொப்பல்லரும் காசு கொடுத்தால் கிடைக்கிற சாமான். செஸ்னாவின் கையேடும் இதையே சொல்கிறது: கிளம்பியவுடன் இன்ஜின் போனால் பெரும்பாலும் நேரே இறங்கு, தடை இருந்தால் ஒதுங்குமளவுக்கு மட்டும் திருப்பு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த முடிவை முந்நூறு அடியில் எடுக்க முடியாது. ஓடுபாதை முனையில் நிற்கும்போதே எடுத்திருக்க வேண்டும். நான் மாணவர்களை வாய்விட்டுச் சொல்லவைப்பேன். நம் பக்கத்துப் பையனானால் தமிழிலேயே சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன், "ஓடும்போது ஏதாவது சரியில்லன்னா பவரைக் குறைச்சு, பிரேக் போட்டு நிறுத்துறேன். கிளம்பிட்டோம், பாதை மிச்சம் இருக்குன்னா அதுலயே உக்காத்துறேன். பாதை தீந்துபோச்சுன்னா மூக்கைக் கீழ விடுறேன், எழுபது நாட் பிடிக்கிறேன், வலப்பக்கம் மூணாவது வயல், திரும்ப மாட்டேன்." அந்த 'மூணாவது வயல்' முக்கியம். காலையில் ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று ஜீப்பிலோ சைக்கிளிலோ போய்ப் பார்த்துவரச் சொல்வேன். போன வாரம் தரிசாகக் கிடந்த இடத்தில் இந்த வாரம் நாற்று நட்டுத் தண்ணீர் கட்டியிருக்கும். தண்ணீர் நிற்கும் வயலில் மூக்குச் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். அறுவடை முடிந்து தாள் நிற்கும் வயல் உத்தமம். வரப்பைக் குறுக்கே கடக்காமல் வரப்போடு ஒட்டியே ஓடவிட வேண்டும். தென்னந்தோப்பு கண்ணுக்குத் தெரியும், மின்கம்பி தெரியாது. அதனால் கம்பங்களைப் பார்த்துக் கம்பி எங்கே போகிறது என்று ஊகிக்க வேண்டும். தரையைத் தொடுவதற்கு முன் கதவைச் சற்றுத் திறந்து வைப்பார்கள், விமானத்தின் உடல் நசுங்கினாலும் கதவு சிக்கிக்கொள்ளாமல் இருக்க. எரிபொருள், இக்னிஷன், பாட்டரி எல்லாவற்றையும் அணைப்பார்கள். உங்கள் மருமகனிடம் கேளுங்கள், அன்று கிளம்பும் முன் அந்த வாத்தியார் இந்தப் பேச்சைப் பேசவைத்தாரா என்று. ஆமாம் என்றால் வாத்தியாரைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்க வேண்டாம்.

இன்ஜின் ஏன் இழுவை விட்டது என்பதை விசாரணைதான் சொல்லும். ஆனால் நீங்கள் மெக்கானிக், உங்களுக்கே தோன்றும். எரிபொருள், தீப்பொறி, காற்று, இந்த மூன்றுக்குள்தான் தேட வேண்டும்.

தீப்பொறியில் பயம் குறைவு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்கு இரண்டு தனித்தனி மேக்னெட்டோ, பாட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் கருவி. பாட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும். கிளம்பும் முன் 1,800 ஆர்பிஎம்மில் வைத்து ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பார்ப்பார்கள். 172எஸ்ஸில் 150 ஆர்பிஎம்முக்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் நடுவே 50க்கு மேல் வித்தியாசமும் இருக்கக் கூடாது.

எரிபொருளில்தான் கோளாறு அதிகம். உங்கள் பம்பு செட்டு டீசலில் தண்ணீர் கலந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த விமானத்துக்கு ஊற்றுவது ஏவ்காஸ் 100எல்எல் என்ற பெட்ரோல், வெளிர்நீலச் சாயம் போட்டிருக்கும். தண்ணீர் கனமானதால் டாங்கின் அடியில் போய் உட்காரும். அதனால் ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன்னும், எரிபொருள் நிரப்பிய பிறகும், அடியில் உள்ள வால்வுகளிலிருந்து கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும். புதிய 172களில் இறக்கைக்கு ஐந்து, வயிற்றில் மூன்று, ஆக 13 இடம். பதின்மூன்றிலும் குனிந்து பிடிக்கச் சோம்பல்பட்டு நாலில் பிடித்துவிட்டு ஓடுகிற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐப்பசி அடைமழையில் வெளியே நிறுத்திய விமானமென்றால், பதின்மூன்றும் பார்க்காமல் நான் ஏறவே மாட்டேன். இன்னொரு வேடிக்கை, குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் கோடு தெரியாது, சுத்தமான எரிபொருள் போலவே இருக்கும். நீலம் இருக்கிறதா என்று வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும்.

காற்றில், கார்ப்புரேட்டர் உள்ள பழைய இன்ஜினில் பனி கட்டும். நம்ப மாட்டீர்கள், வெளியே 25 டிகிரி இருந்தாலும் கட்டும். பெட்ரோல் ஆவியாகும்போது குளிர்ச்சி இறங்குகிறது, மார்கழி ஈரக்காற்று அதற்குத் தோது. 1990களின் பிற்பாதிக்குப் பிறகு வந்த 172களில் இன்ஜெக்‌ஷன் என்பதால் அந்த வம்பு இல்லை. உங்கள் மருமகன் போனது எந்த ஆண்டு மாடல் என்று கேட்டால் ஒரு சந்தேகம் தீரும்.

கோடையில் இன்னொன்று. திருச்சி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 288 அடிதான். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி அடிக்கும்போது அங்கே காற்றின் அடர்த்தி மூவாயிரம் அடிக்கு மேல் மலையில் இருப்பதற்குச் சமம். ஓடுபாதை சமவெளியில், இன்ஜினும் இறக்கையும் ஏற்காட்டுக்குப் பாதி மலை ஏறிய மாதிரி. இன்ஜின் நல்ல நிலையில் இருந்தாலும் இழுவை குறையும், ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். ஆகவே அன்று மதியமா, டாங்கு நிறைய எரிபொருளா, இரண்டு பேரின் எடை என்ன என்பதும் கேட்கத் தகுந்தவை.

முழுக்க நின்றுபோன இன்ஜினைவிட அரைகுறையாக ஓடும் இன்ஜின் ஆபத்து. நின்றுவிட்டால் முடிவு தெளிவு. பாதி ஓடினால் ஆசை காட்டும், சமாளித்துத் திரும்பிவிடலாம் என்று. 'இழுவை விட்டுவிட்டது' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், நின்றுவிட்டது என்று எழுதவில்லை. அந்த ஆசையில் விழாமல் வாத்தியார் இறக்கினார் என்றால் என் மதிப்பில் அவர் இன்னும் ஒரு படி மேலே.

இந்தப் பத்தி உங்கள் கேள்வியில் இல்லாதது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தரையை விடுவதற்கு முன்பே ஓடுபாதையில் நடக்கும் கோளாறுகள் வேறு வகை. முழு பவர் கொடுத்ததும் இந்த விமானங்கள் இடப்பக்கம் இழுக்கும், வால் சுக்கானைத் திருப்பும் ரடர் மிதியை வலக்காலால் அழுத்திப் பிடிக்காத மாணவர் புல்லுக்குள் போய்விடுவார். சீட்டின் பூட்டு தண்டவாளத்தில் சரியாக விழாவிட்டால், வேகம் எடுக்கும்போது சீட் பின்னால் வழுக்கும், கையில் பிடித்த ஸ்டியரிங்கும் கூடவே வரும், மூக்கு வானத்தைப் பார்க்கும். பழைய செஸ்னாக்களில் இது உயிர்களையே வாங்கியிருக்கிறது. எனக்கு நேர்ந்தது குளவி. ஒரு காலை, மாணவர் பவர் கொடுத்து ஓடுகிறார், விமானம் பறக்கத் துடிக்கிறது, வேகமானியின் முள் சுழியிலேயே நிற்கிறது. நிறுத்து என்றேன். இறங்கிப் பார்த்தால் இறக்கைக்கு அடியில் காற்றை வாங்கும் சிறு குழாய்க்குள் குளவி களிமண் அடைத்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் உறை மாட்டாமல் விட்டதன் பலன். முள் அசைகிறதா என்று ஓட்டத்தின் தொடக்கத்திலேயே பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் அன்று குருட்டுத்தனமாக மேலே போயிருப்போம்.

விசாரணைக்கு வருவோம். இந்தியாவில் இதற்கென்று 2012இல் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் அமைத்தார்கள், ஏஏஐபி என்பார்கள். சர்வதேச விதிப்படி இந்த விசாரணையின் நோக்கம் இனி நடக்காமல் தடுப்பது மட்டுமே, யார் குற்றவாளி என்று சொல்வது அதன் வேலை இல்லை. முடிந்தவரை 12 மாதத்துக்குள் இறுதி அறிக்கை வர வேண்டும் என்பது அந்த விதியின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் தாமதமாகும், பொறுமை வேண்டும். பையன் தன் வாக்குமூலத்தில் கண்டது, கேட்டது, செய்தது மட்டும் எழுதட்டும். 'மேக்னெட்டோ போயிருக்கும்னு நினைக்கிறேன்' போன்ற ஊகம் வேண்டாம். வேறொருவர் தயாரித்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். எழுதியதன் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். செல்போனில் எடுத்த படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடாமல், அழிக்காமலும் இருக்கட்டும்.

பள்ளியை மாற்றுவது பற்றி: விபத்து நடந்தது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். நேரில் ஒருமுறை போய்வாருங்கள். ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகைக்குள் நுழைந்ததும் உங்கள் கண்ணே பாதி சொல்லிவிடும், நல்ல பட்டறை எது என்று உங்களுக்குத் தெரியாதா? தரையில் எண்ணெய், பெயர் எழுதாத டப்பாக்கள், கணக்கில்லாத ஸ்பேனர்கள் இருந்தால் யோசியுங்கள். தலைமைப் பயிற்சியாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, அந்த விமானத்தில் முந்தைய வாரங்களில் மாணவர்கள் ஏதாவது குறை எழுதியிருந்தார்களா, எழுதியதைச் சரிசெய்து பொறியாளர் கையெழுத்திட்டிருக்கிறாரா? டெக் லாக் புத்தகத்தில் அது இருக்கும். இரண்டு, விபத்துக்குப் பிறகு மற்ற விமானங்களில் என்ன சோதித்தீர்கள்? இரண்டாவதற்குத் திணறினால் மாற்றுவது பற்றிப் பேசலாம். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்று சிரித்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் நடுவே நான் வர விரும்பவில்லை. இரண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பது மட்டும் தெரிகிறது. தடாலென்று தரையில் விழுந்த அதிர்ச்சி முதுகெலும்பைத் தாக்கலாம், சில சமயம் வலி தாமதமாகத்தான் தெரியும். இடுப்புக்கு மேலே வலிக்கிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் படம் எடுத்துவிடுங்கள். மருத்துவத் தகுதி போய்விடுமோ என்று பயந்து மாணவர்கள் இதை மறைப்பார்கள். ராத்திரி தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாரமே பறக்கிறேன் என்பது துணிச்சலாகவும் இருக்கலாம், பயத்தை மூடும் அவசரமாகவும் இருக்கலாம். எதுவென்று கண்டுபிடிக்க, அன்று நடந்ததை முதலிலிருந்து நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள். இறங்கிய பகுதியை மட்டும் தாவிக் கடந்தால் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். திரும்பப் போகும்போது முதல் இரண்டு மூன்று பறப்பு வாத்தியாரோடு, முடிந்தால் அதே வாத்தியாரோடு, அதே பயிற்சியைப் போதிய உயரத்தில் பவரைக் குறைத்துச் செய்து பார்த்துவிட்டுத் தனியாகப் போகட்டும்.

அவசரப்படுத்துவது பணக் கவலையென்றால் அதை விட்டுவிடுங்கள். வணிக பைலட் உரிமத்துக்கு வேண்டிய 200 மணி நேரத்தை விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் பறந்திருந்தால் போதும். ஒரு மாதம் நின்றால் போட்ட 61 மணி வீணாகாது. மீதித் தவணையை மட்டும் மொத்தமாகக் கட்டாமல், பறக்கப் பறக்கக் கட்டுவதாகப் பேசிப் பாருங்கள்.

இனி வயல்காரர். பயிற்சி விமானங்களுக்கு மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் இருக்கும், உங்கள் டிராக்டருக்கு இருக்கிற மாதிரியே. பயிர், வரப்பு, மோட்டார் கொட்டகை எது சேதமானாலும் பள்ளியிடம் எழுத்தில் கேட்கலாம். தேதி தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அதிகாரி போன்றவரிடம் சேதத்தைக் குறித்து வாங்கிக்கொண்டு கேட்பது நல்லது. பெரும்பாலும் விமானம் அழித்தது கொஞ்சம்தான். புலனாய்வு அதிகாரிகள் அனுமதி தரும்வரை விமானத்தை அங்கிருந்து நகர்த்தக் கூடாது. அதுவரை வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் மிதிக்கும், பிறகு இறக்கைகளைக் கழற்றி ஏற்றிப் போக வருகிற கிரேனும் லாரியும் இன்னும் இரண்டு வயலைச் சேறாக்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பள்ளிக்குப் போகும்போது ஒரு எட்டு அந்த வயலுக்கும் போய்வாருங்கள். பையனைக் கதவிலிருந்து முதலில் கைகொடுத்து இறக்கியது அவராகத்தான் இருக்கும்.